வீடு அங்கே, வேலை இங்கே

எழுத்தாளன் என்று பெயர் எடுத்துவிட்டால் அவனைத் தேடி இரண்டு வகைக் காகிதங்கள் வரும். ஒன்று கல்யாணப் பத்திரிகை, மற்றொன்று மனு. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். மனுவுக்கு அப்படி முடியாது. கொண்டு வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி சாப்பிட்டு, "நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரு கனம் உண்டு, சார்" என்று சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கனம் என்ற சொல்லுக்கு மயங்காத எழுத்தாளனை நான் இதுவரை கண்டதில்லை. தெருவிளக்குக்கும், நூல் நிலையத்துக்கும், முகமறியாத ஒரு கைதியின் உயிருக்கும், எங்கள் பேட்டையிலிருந்து சாராயக் கடையை எடுக்கும்படியும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன். ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

2016-ஆம் ஆண்டின் தொடக்கம். அதற்கு முந்திய டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. எங்கள் வீடு அடையாற்றிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது. டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது என்பதைப் பிற்பாடு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டோம். அன்றிரவு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வாசற்படியைத் தாண்டிய தண்ணீர் கூடத்துக்குள் வந்து, விடியுமுன் ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது என்பதுதான். என் தாயாருக்கு அப்போது தொண்ணூறு வயது. மாடிப்படி ஏற முடியாது. தூக்கிச் செல்ல எனக்கும் தெம்பு இல்லை. இருட்டில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. ஆற்றங்கரைக் குடிசைகளைச் சேர்ந்த நாலு பையன்கள், பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் ஒரு கதவைக் கட்டி அதைத் தெப்பமாகத் தள்ளிக்கொண்டு தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடியில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கதவு யார் வீட்டுக் கதவு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர்களுடைய குடிசைகள் அதற்கு முன்பே அடித்துக்கொண்டு போயிருந்தன.

இது நடந்து இரண்டு மாதத்துக்குள் அந்த மனு வந்தது. ஆற்றின் கரையிலுள்ள குடிசைகளை அகற்றி, ஆற்றை அகலப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்னிடம் கையெழுத்தோடு வேறொரு உதவியும் கேட்டார்கள்: வாசகத்தைக் கொஞ்சம் செப்பனிட்டுத் தர வேண்டும். படித்துப் பார்த்தேன். 'சமூக விரோதிகள்' என்று ஒரு சொல் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை, அடித்துவிட்டேன். மனு சற்று வறட்சியாக இருந்ததாகவும் தோன்றியது. ஆகவே முடிவில், 'அக்குடும்பங்களின் நலனை முன்னிட்டும்' என்று மூன்று சொற்களைச் சேர்த்தேன். கொண்டு வந்தவர் படித்துப் பார்த்து, "இதுதான் சார், எழுத்தாளர் என்கிறது!" என்றார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவரிடம் இன்னொரு மனுவும் இருந்தது. எங்கள் தெரு முனையில் பல்லாண்டாகக் காலியாகக் கிடக்கும் அரசாங்க மனையில் ஒரு பூங்கா அமைக்க வேண்டும் என்பது. அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் மனுவால்தான் குடிசைகள் போயின என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தீர்மானம் எங்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டிருந்தது. எனக்கு அவ்வளவு செல்வாக்கும் கிடையாது. ஆனால் ஒருவன் செய்த காரியத்தின் தன்மை, அது பலித்ததா இல்லையா என்பதைப் பொறுத்ததல்லவே!

எங்கள் வீட்டில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்த ஓர் அம்மாள் அந்தக் கரையில்தான் குடியிருந்தாள். அவள் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. காலை ஆறரைக்கு வருவாள். எங்கள் வீட்டுப் பாத்திரம், அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் பெருக்கித் துடைக்கும் வேலை, பிறகு ஒரு டாக்டர் வீட்டில் சமையலுக்குக் கூடமாட ஒத்தாசை. நடுவே பத்து மணிக்கு ஓடிப் போய்த் தன் வீட்டில் உலை வைத்துவிட்டு வருவாள். எல்லாம் கால்நடையாகத்தான். அவள் புருஷன் சுவருக்கு வர்ணம் அடிப்பவன். ஆறு மணிக்கெல்லாம் வாளியும் பிரஷ்ஷுமாகப் பாலத்தடி முனையில் போய் நிற்பான். மேஸ்திரிகள் வந்து ஆளைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். ஏழரை மணிக்குப் பிறகு அந்த முனையில் நிற்கிறவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை என்று அர்த்தம். கடைக்காரர் கடன் கொடுப்பார். பக்கத்துக் குடிசைக் கிழவி குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தக் குடும்பம். ஓலையும் தகரமும் அதற்கு மேலே போட்ட மூடி, அவ்வளவுதான்.

மனுவைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது, சொல்லவில்லை.

நம்முடைய சாப்பாட்டு மேஜைகளில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். "இவர்களெல்லாம் கிராமத்தை விட்டு ஏன் வருகிறார்கள்? பேசாமல் திரும்பிப் போகக்கூடாதா?" என்பது. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். ஒரு நாள் அவளிடமே, "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "இதான் சார்" என்றாள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள் அவளுடைய பாட்டி. அம்மா பிறந்தது கரையில். இவள் பிறந்தது கரையில். இவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாக அந்தப் பேட்டையில் இருக்கிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தேன். நாங்கள் இல்லை. என் தந்தையார் தஞ்சை ஜில்லாவிலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவர். திரும்பிப் போகும்படி எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

1901-இல் சென்னையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இருந்தார்கள். 2011-இல் 46 லட்சத்துக்கு மேல். இந்தக் கூட்டத்தையெல்லாம் ரயிலேறி வந்த கூட்டம் என்று நினைப்பது தவறு. ஏழை நாடுகளின் நகரங்கள் பெருகுவதில் பெரும் பகுதி, அங்கேயே பிறந்தவர்களால் நேர்வது. அப்படியே வந்தவர்கள்தாம் என்றாலும், யார் கூப்பிட்டு வந்தார்கள்? கல்லும் மண்ணும் சுமக்க ஆள் வேண்டுமென்று நகரம் கூப்பிடுகிறது, அவர்கள் வருகிறார்கள். 1734-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள்? நூற்போரையும் நெய்வோரையும் வரவழைத்துக் கூவம் ஆற்றின் வளைவில், கோட்டைக்கு அருகிலேயே குடியமர்த்தினார்கள். அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். கம்பெனிக்காரர்களைக் கருணாமூர்த்திகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், கை வேண்டுமென்றால் அந்தக் கைக்குப் பக்கத்தில் படுக்க இடமும் வேண்டும் என்கிற வியாபாரக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்முடைய சொந்த ஆட்சிக்கும் அது ஒரு காலத்தில் தெரியாமலில்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. மறு ஆண்டு சட்டம் வந்தது. சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்தார்கள். 1985-இல் இன்னும் பதினேழு சேர்ந்தன. அதன் பிறகு நெடுங்காலம் பட்டியல் வளரவில்லை, குடிசைகள் வளர்ந்தன. வாரியத்தின் முதல் பத்தாண்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுப்பது. கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மீனவர்களுக்காக அப்படிக் கட்டிய வீடுகளைப் பார்த்திருப்பார்கள். கட்டடத்தின் தரத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். ஆனால் அங்கே இருந்தவன் எழுந்து நடந்தால் கடல் இருந்தது. 1977-க்குப் பிறகு உலக வங்கியின் கடனோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டி எல்லாம் மாறிவிட்டது. ஊருக்குள் நிலம் பொன்னாகிப் போயிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்குக் கோடியில், பல்லாயிரக்கணக்கான வீடுகள் கொண்ட புதிய ஊர்களே எழுந்தன. 2021-இல் வாரியத்தின் பெயரையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். 'குடிசை' என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது.

2017-இல் ஒரு நாள் கரைக்கு லாரி வந்தது. அவளுக்கும் தெற்கே, அப்படிப்பட்ட குடியிருப்பு ஒன்றில், ஐந்தாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். ஏழரை ஆகியிருந்தது. என் மனைவி, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். பத்தொன்பது வருஷத்துப் பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்ட கேள்வி அது. கேட்ட பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு எழுந்து, நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, நடுவில் ஒரு பஸ் மாறி வந்து சேர வேண்டும். பத்து மணிக்கு ஓடிப் போய் உலை வைக்கிற கதை முடிந்துபோயிற்று. டாக்டர் வீட்டு வேலை முதலில் போயிற்று. பிறகு அடுத்த தெரு வேலை. 2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை உயர்த்தினார்கள். நம்மில் பலருக்கு அது பத்திரிகைச் செய்தி. அவளுக்கு அது மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு. மார்ச் மாதம் ஒரு நாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, "இனிமே முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் புருஷனுக்கு அந்தப் பாலத்தடி முனை அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. 2021-இல் சாதாரணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல காரியம்; மனமாரப் பாராட்ட வேண்டிய காரியம். காசு மிச்சமாகும். ஆனால் பஸ்ஸில் கழியும் அந்த நாலு மணி நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஏழையிடம் நிலம் இல்லை, பணம் இல்லை. அவன் விற்றுப் பிழைக்கக்கூடியது அவனுடைய பொழுது ஒன்றுதான். தூரம் அதைத்தான் தின்கிறது.

இதைப் பற்றி ஒரு முறை என் நண்பர் ஒருவரிடம் பேசினேன். ஓய்வு பெற்ற பொறியாளர், நேர்மையானவர், என்னைவிட அறிவாளி. "நீங்கள் கதாசிரியர். ஒரு பாத்திரத்துக்காகக் கண்ணீர் விடலாம்" என்றார் அவர். "நான் ஆற்றைப் பார்க்கிறேன். ஆற்றின் வழியில் மனிதன் படுத்திருந்தால் ஆறு ஒரு நாள் அவனை அடித்துக்கொண்டு போகும். அவனை அங்கேயே விட்டுவைப்பதுதான் உங்கள் தர்மமா? 2015-இல் செத்தவர்களை நினைத்துப் பாருங்கள்."

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. அந்தக் கரையை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கட்டிலுக்குக் கீழே சாக்கடை ஓடும். இருட்டிய பிறகுதான் பெண்கள் வெளியே ஒதுங்க முடியும். ஏழ்மையை ஓவியம் போல் தள்ளி நின்று ரசிக்கிற எழுத்தாளர்கள் உண்டு; அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. ஆறு ஆற்றுக்குத்தான் சொந்தம்.

ஆனால் அந்த நியாயம் ஏன் ஓலைக் கூரையைக் கண்டால் மட்டும் விழித்துக்கொள்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இதே அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி அதன் மேல் விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் கடலுக்கு அனுப்பும் இடம். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் இருந்த அந்த நிலத்தில் இன்று பத்தில் ஒரு பங்கு அளவுதான் மிச்சம். மற்றதில் சாலையும் குப்பை மேடும் கண்ணாடி மாளிகைகளும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே, அந்தச் சதுப்பின் ஓரத்திலும் அதை அடுத்த தாழ்ந்த பூமியிலும்தான் ஆற்றங்கரை ஜனங்களுக்கும் வீடு கட்டினோம். செம்மஞ்சேரியில் பெரிய மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம். வெள்ளத்துக்குப் பயந்து அழைத்துப்போன ஜனங்களை வேறொரு தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டோம். இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நகரத்துக்குள் அவ்வளவு பேருக்கு இடம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?" என்று கேட்டார். அதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை.

இது சென்னைக்கு மட்டும் வந்த சங்கடமல்ல. 2001-ஆம் ஆண்டுக் கணக்காக ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்டதன்படி, உலகில் ஏறத்தாழ 92 கோடிப் பேர் சேரிகளில் வாழ்ந்தார்கள். அதாவது நகரவாசிகளில் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. பிரேஸில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ என்ற அழகான நகரம் இருக்கிறது. அங்கே ஏரிக்கரையில், பணக்காரர்களின் மாளிகைகளுக்கு எதிரே, மலைச்சரிவில் கட்டகும்பா என்றொரு சேரி இருந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜானிஸ் பெர்ல்மன் என்ற அம்மையார் 1960-களின் இறுதியில் அங்கே போய் அந்த ஜனங்களோடு தங்கியிருந்தார். 1976-இல் அவர் எழுதிய நூலின் சாரம் இதுதான்: சேரிவாசிகள் நகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உண்மையில் அவர்கள் நகரத்தின் உழைப்பிலும் வியாபாரத்திலும் முழுதும் பின்னிக் கிடக்கிறவர்கள், அவர்களை ஓரத்துக்குத் தள்ளுவது நகரம்தான். அவர் நூலை முடிப்பதற்குள் அந்தச் சேரியே இல்லை. 1970-இல் அதை அகற்றி, ஜனங்களைத் தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ரியோவில் அப்படி அகற்றப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கட்டகும்பா இருந்த இடத்தில் இன்று ஒரு பூங்கா இருக்கிறது. சிற்பங்களெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். 1961 மே 25-ஆம் தேதி சிங்கப்பூரில் புக்கிட் ஹோ ஸ்வீ என்ற அத்தாப்புக் குடிசைப் பகுதி பற்றி எரிந்து, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே அந்த மண்ணிலேயே அடுக்கு வீடுகள் எழுந்தன. அந்த அரசாங்கம் மென்மையான அரசாங்கமல்ல. மறுத்துப் பேசிய கிராமத்து ஜனங்களை அது தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கவும் இல்லை. ஆனாலும் நகரத்தின் நடுவிலுள்ள நிலத்தை ஏழைக்கென்று செலவழிக்க அது கூசவில்லை. இடம் எங்கே இருக்கிறது என்று கேட்ட என் நண்பருக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே பதில் இதுதான்: உள்ளங்கை அளவு தீவில் இருந்திருக்கிறது.

நம் நாட்டு நீதிமன்றமும் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. 1981-இல் பம்பாயில் நடைபாதைவாசிகளை மழைக்காலத்தில் அப்புறப்படுத்தி, அவரவர் ஊருக்கே அனுப்பிவிட அரசாங்கம் முனைந்தது. ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் மற்றும் சிலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985-இல் தீர்ப்பு வந்தது. பிழைக்கும் வழியும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியதுதான் என்றும், நடைபாதையிலிருந்து ஒருவனை அகற்றினால் அவன் வேலையும் கூடவே போய்விடும் என்றும் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு, மழைக்காலம் கழிந்ததும் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை முதலில் படித்தபோது, இவ்வளவு நியாயத்தைச் சொல்லிவிட்டு இப்படி முடித்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவ்வளவு கோபம் வருவதில்லை. எனக்கும் அந்த வித்தை தெரியும். நானும் மூன்று நல்ல சொற்களை எழுதிவிட்டு அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.

'அக்குடும்பங்களின் நலனை முன்னிட்டும்.' இந்த மூன்று சொற்களை நான் எத்தனையோ இரவு புரட்டிப் பார்த்திருக்கிறேன். பொய்யா? முழுப் பொய் அல்ல. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாருடைய நலனைப் பற்றி எழுதினேனோ அவள் அந்த நேரத்தில் பத்தடி தள்ளிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அவள் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? மனு திரும்பிப் போகும். கரை அப்படியே இருக்கும். எங்கள் தெருவின் மதிப்பும் அப்படியே இருக்கும். வழக்கில் தனக்கு லாபம் உள்ளவன் நீதிபதியாக உட்காரக்கூடாது என்பது சின்னப் பஞ்சாயத்துக்கும் தெரிந்த முறை. நான் உட்கார்ந்தேன், அதுவும் அவளுக்காகப் பரிந்து பேசுகிறவனைப் போல. வெறுமனே 'எங்களுக்கு இது இடைஞ்சல்' என்று எழுதியிருந்த அந்தப் பழைய வாசகமே என்னுடையதைவிட யோக்கியமானது. அதை நான்தான் கெடுத்தேன்.

சென்ற ஆண்டு அவளைப் பார்க்கப் போனேன். அம்மா காலமாகி விட்டார். அம்மாவின் புடைவை ஒன்றை அவளுக்குக் கொடுக்க வேண்டுமென்று என் மனைவி எடுத்து வைத்திருந்தாள். போகும் வழியெல்லாம், அவள் என்ன சொல்லி அழப்போகிறாள், நான் என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். எழுத்தாளனின் புத்தி, முன்கூட்டியே வசனம் எழுதிவிடும்.

அன்று மின்தூக்கி ஓடவில்லை. ஐந்து மாடியும் நின்று நின்று ஏறினேன். அவள் என்னைப் பார்த்ததும் திகைத்துப் போனாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். புடைவையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள், "வா சார், வூட்டப் பாரு" என்று கூட்டிக்கொண்டு போய் முதலில் காட்டியது குளியலறையை. கதவைத் திறந்து, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். "கரையில இருந்த வரிக்கும் பொய்து விடியறதுக்கு முன்னாடி குளிச்சிடணும் சார். இப்ப எப்ப வோணா குளிக்கிறேன்" என்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைக் கண்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் எழுதி வைத்திருந்த வசனத்தில் இந்தத் தாழ்ப்பாள் இல்லை.

"அப்படியானால் இங்கே சௌக்கியம்தானே அம்மா?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரலில் ஓர் ஆசை இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவள் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே பேசினாள். "வூடு நல்லாத்தான் சார் கீது. வூடு இங்க கீது, வேலை அங்க கீது. அதான்." ஒரு கான்ட்ராக்டர் மூலம் பெரிய சாலையிலுள்ள ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கிறாளாம். இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தது. பிறகு ஆளைக் குறைத்தார்கள். இப்போது கூப்பிட்டால் போகிறாள். புருஷன் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தால் உண்டு. பெரிய பையன் பள்ளிக்கூடம் மாறிய வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டான். "எங்க கீறேன்னு கேக்கறாங்கோ. இந்த ஏரியான்னு சொன்னா அப்பால பேசறதில்ல" என்றாள், அவன் வேலை தேடியதைப் பற்றி. அழவில்லை. குறை சொல்கிற தொனியும் இல்லை. காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்.

"கரைக்கே திரும்பிப் போகலாம் என்று தோன்றுகிறதா?"

"அங்க இன்னா சார் கீது இப்ப? இடிச்சிட்டாங்கோ." கொஞ்சம் யோசித்தாள். "இந்த வூடு அங்க இருந்தா..." என்று ஆரம்பித்தாள், முடிக்காமல் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள்.

மனுவைப் பற்றி அன்றாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்:

"ஏன் சார், நம்ம தெரு முனையில காலி மனை ஒண்ணு கீதே, மாடுங்க மேயுமே, அங்க இன்னா கட்னாங்கோ?"

"பூங்கா" என்றேன்.

"பரவால்ல சார். அம்மாவுக்கு சாயங்காலத்துல நடக்கறதுக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைத் துடைத்து எனக்கு டீ ஊற்றினாள்.